டெக்குக்கு அடியில் அழுகும் கட்டைகள்: படகுப் பராமரிப்பு, வாசகர் கேள்வி–பதில்

பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகு வைத்திருக்கும் பினாங்கு வாசகர்களின் கேள்விகள் இந்த முறை ஒரே இடத்தைச் சுற்றி வந்திருக்கின்றன. கிளீட் (கயிறு கட்டும் கொம்பு), ஸ்டாஞ்சன் (ஓரக் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் தூண்), வின்ச் (கயிறு இழுக்கும் உருளை) ஆகியவற்றின் போல்ட்டுகளை டெக்குக்கு (மேல்தளத்துக்கு) அடியில் தாங்கும் மரக்கட்டைகள்தான் அந்த இடம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் படகு 34 அடி, எழுபதுகளின் கடைசியில் கட்டியது. மழை பெய்தால் முன்பக்கக் கிளீட்டுக்குக் கீழே, படுக்கைக்கு நேர் மேலே, பழுப்புத் தண்ணீர் சொட்டுகிறது. போல்ட்டுகளைத் தாங்கும் பிளைவுட் கட்டையில் ஸ்குருடிரைவரை வைத்து அழுத்தினால் அப்படியே இறங்குகிறது. கட்டையை மட்டும் மாற்றினால் போதுமா? செய்முறையையும் சொல்லுங்கள். – பத்து உபான் வாசகர்

பதில்: போதாது. கட்டை கெட்டது விளைவு. தண்ணீர் இறங்கும் போல்ட் ஓட்டைதான் காரணம். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு இரும்பையே கீழே வைத்தாலும் அடுத்து கெடப்போவது டெக்.

அந்தக் காலப் படகுகளில் டெக் மூன்று அடுக்கு. மேலும் கீழும் ஃபைபர்கிளாஸ் தோல், நடுவில் பெரும்பாலும் பால்சா என்ற இலகு மரம். பட்டறையில் கிளீட்டை வைத்து, ஓட்டை போட்டு, அடியில் ஒரு பிளைவுட் துண்டைக் கொடுத்து, சின்ன வாஷருடன் நட்டை முறுக்கினார்கள். பிளைவுட்டின் முகத்தில் ரெசின் பூசியிருப்பார்கள். ஓட்டையின் உள்சுவரிலும் வெட்டிய விளிம்பிலும் பூசியிருக்க மாட்டார்கள். மேலே உள்ள சீலன்ட் (நீர்த்தடுப்புப் பசை) வருடக்கணக்கில் வெயில் பட்டு இறுகி வெடித்ததும் தண்ணீர் போல்ட்டின் மரை வழியே இறங்கும். போகிற வழியில் பால்சா குடிக்கும், பிறகு கட்டை குடிக்கும். ஊறிய கட்டை வாஷருக்கு அடியில் நசுங்கும், போல்ட் தளரும், கிளீட் அசையும், மிச்சமிருக்கும் சீலன்ட்டும் விட்டுப்போகும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பூஞ்சைக்கு ஓய்வே கிடையாது. குளிர்நாட்டுக் கையேட்டில் ‘ஓட்டையைத் திறந்து வைத்துக் காய விடுங்கள்’ என்று எழுதியிருந்தால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பினாங்கில் ஊறிய பால்சா தானாகக் காயாது. சுரண்டி எடுத்துவிடுவதுதான் வழி.

கழற்றும் வேலையில் தொடங்குங்கள். ஒருவர் மேலே போல்ட் தலையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கீழே நட்டைத் திருப்ப வேண்டும். கிளீட் வந்ததும் கட்டையை உளியால் பிளந்து எடுங்கள். அழுகிய பகுதி கையோடு வந்துவிடும். நல்ல பகுதிதான் படுத்தும். அதற்கு மல்ட்டி டூல் உதவும். டெக்கின் கீழ்த்தோலைக் கிழித்துவிடாதபடி கடைசி 2 மி.மீட்டரை மணல் வட்டால் அரைத்து எடுங்கள். பழைய போல்ட்டுகளைத் துடைத்து, நடுப்பகுதியைப் பாருங்கள். காற்றுப் படாத ஈரத்தில் கிடந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அங்கேதான் குழி விழுந்து இளைத்திருக்கும். தலையும் மரையும் பளபளவென்று இருந்து ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். புதியது 316 தரமாக இருக்கட்டும். தலையில் ஏ4 என்ற முத்திரை இருக்கும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது நம்பகமான சோதனை இல்லை.

அடுத்தது ஓட்டை. இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு ஆணியை எல் வடிவில் வளைத்து, தலையை வெட்டிவிட்டு, டிரில்லில் மாட்டி ஓட்டைக்குள் விட்டுச் சுற்றினால் தோல்களுக்கு இடையில் உள்ள பால்சா பொடியாகி வரும். சுற்றிலும் 12 முதல் 15 மி.மீ. வரை காலியாக்குங்கள். வரும் பொடி ஈரமாகவோ கறுப்பாகவோ இருந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும். நான்கு ஓட்டையிலும் ஈரம் என்றால், கீழ்த்தோலைச் சதுரமாக வெட்டித் திறந்து, கெட்ட பால்சாவை மொத்தமாக எடுப்பதே குறைந்த வேலை. பொடியை உறிஞ்சி எடுத்து, கீழே டேப் ஒட்டி அடைத்து, முதலில் ஹார்ட்னர் (இறுக்கும் திரவம்) தவிர வேறெதுவும் கலக்காத இப்பாக்ஸி ரெசினைத் தூரிகையால் உள்சுவரில் தடவுங்கள். பால்சா அதைக் குடித்தபின் கொலாய்டல் சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கியதை ஊசிக்குழலால் நிரப்புங்கள்.

நேரம் முக்கியம். காலையில் நிரப்பினால், வெயில் ஏற ஏற டெக் சுட்டு, உள்ளே உள்ள காற்று விரிந்து, குமிழ் குமிழாக ரெசினை வெளியே தள்ளும். பிற்பகல் தாண்டி, டெக் ஆறத் தொடங்கிய பிறகு நிரப்பினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். மாலை மழைக்குத் தார்ப்பாய் கட்டிவிட்டுத்தான் ரெசின் டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும்.

இரவு இறுகியதும் கீழே போங்கள். கீழ்த்தோலை அசிட்டோனால் துடைத்து, 80 எண் மணல்தாளால் தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். துடைப்பது முதலில், தேய்ப்பது பிறகு. மாற்றிச் செய்தால் எண்ணெய்ப் பசையை மணல்தாளே கீறலுக்குள் தேய்த்துவிடும். அங்கே பரப்பு சமமாக இருக்காது, நார்த்துணியின் மேடுபள்ளம் தெரியும். அதனால் புதிய பலகையை வடை மாவுப் பதத்தில் கெட்டியாக்கிய இப்பாக்ஸியில் பதித்து ஒட்டுங்கள். நடுவில் ஒரே ஓர் ஓட்டை போட்டு, மெழுகு தடவிய போல்ட் ஒன்றால் மெதுவாக இழுத்தால் போதும். அல்லது படுக்கையிலிருந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து ஆப்பு வையுங்கள். விளிம்பெங்கும் பசை பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் பசை முழுக்க வெளியேறி, பலகை மேடுகளில் மட்டும் உட்காரும்.

ஒரு நாள் கழித்து, மேலிருந்து கிளீட்டை அச்சாக வைத்து, தோல், நிரப்பிய இப்பாக்ஸி, பலகை மூன்றையும் ஒரே தடவையில் துளையுங்கள். அப்போதுதான் ஓட்டை நேராக இருக்கும். பலகையை முன்பே துளைத்துவிட்டுப் பிறகு பொருத்தப் பார்ப்பவர்கள் எல்லாரும் கடைசியில் ஓட்டையை அகலப்படுத்துகிறார்கள். முடிவில் ஓட்டையின் மேல்வாயைக் கூம்பு பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். சீலன்ட் அந்தச் சரிவில் தங்கி, போல்ட்டைச் சுற்றி வளையமாக நிற்கும். தட்டையான ஓட்டையில் கிளீட்டை இறுக்கியதும் எல்லாச் சீலன்ட்டும் பிதுங்கி ஓடிவிடும்.

கேள்வி: புதிய கட்டைக்கு எந்தப் பொருள் நல்லது? செங்கால் மரம் எளிதாகக் கிடைக்கிறது. சமையலறை வெட்டுப்பலகை பிளாஸ்டிக்கும் அழுகாது என்கிறார்கள். – ஜெலுத்தோங் வாசகர்

பதில்: செங்காலின் ஆயுளைப் பற்றிச் சந்தேகமே இல்லை; திரெங்கானுவில் படகே அதில்தான் கட்டினார்கள். ஆனால் எந்தத் திடமரமும் நார் ஓடும் திசையில் பிளக்கும். நான்கு போல்ட்டும் ஒரே நார்வரிசையில் அமைந்து, கயிறு ஒரு பக்கமாக இழுத்தால், பிளவு ஓட்டையிலிருந்து ஓட்டைக்கு ஓடும். பிளைவுட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் குறுக்கு அடுக்குகள்தான்.

வெட்டுப்பலகை பிளாஸ்டிக் வேண்டாம். அழுகாது, உண்மை. ஆனால் தொடர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெளிந்துகொடுக்கும். இன்று இறுக்கிய நட் ஆறு மாதத்தில் தளர்ந்திருக்கும். அதோடு எந்தப் பசையும் அதில் ஒழுங்காக ஒட்டாது.

எங்கள் முதல் தேர்வு ஜி10 பலகை. கண்ணாடித் துணியையும் இப்பாக்ஸியையும் அழுத்தத்தில் வார்த்தது. மின்சாதனப் பட்டறைகளுக்குப் பொருள் விற்பவர்களிடம் எஃப்ஆர்4 என்ற பெயரில் இதன் உடன்பிறப்பு கிடைக்கும், இரண்டுமே ஆகும். 34 அடிப் படகுக்கு 6 மி.மீ. கனம் பொதுவாகப் போதும். நங்கூரக் கயிறு கட்டும் முன் கிளீட்டுக்கு 10 மி.மீ. போட்டால் நிம்மதி. வெட்ட கார்பைடு தூள் பதித்த ஜிக்சா பிளேடு அல்லது வைர வட்டு வேண்டும். சாதாரண டிரில் பிட் சில ஓட்டைகளிலேயே மழுங்கிவிடும். தூசு கண்ணாடித் தூசு, முகக்கவசம் கட்டாயம். பளபளப்பான முகத்தை 80 எண் தாளால் மங்கலாக்காமல் ஒட்டினால் பசை உரிந்து வரும்.

கையில் ஜி10 இல்லையென்றால் நீங்களே வார்க்கலாம். மெழுகு தடவிய மெலமைன் பலகைமேல் 450 கிராம் துண்டுநார் விரிப்பை பாலியஸ்டர் ரெசினில் அடுக்கினால் ஓர் அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும். இடையிடையே நெய்த துணியும் சேர்த்து 9, 10 மி.மீ. வரை ஏற்றுங்கள். ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். மூன்று நான்கு அடுக்குக்கு ஒருமுறை ஆற விடாவிட்டால் சூடேறி வெடித்துப்போகும். துண்டுநார் விரிப்பை இப்பாக்ஸியோடு சேர்க்கவும் வேண்டாம். அதன் நார்களைப் பிடித்திருக்கும் பொடி கரைவது பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான். இப்பாக்ஸியில் விரிப்பு விறைத்தபடியே கிடக்கும். வார்த்த பலகையை டெக்கில் ஒட்டுவது மட்டும் இப்பாக்ஸியால்தான். பழைய ஃபைபர்கிளாஸ்மேல் பாலியஸ்டரின் பிடிப்பு பலவீனம்.

பிளைவுட்டேதான் வேண்டும் என்றால் பிஎஸ் 1088 தரம் வாங்கி, எல்லா விளிம்பையும் ஓட்டைச் சுவரையும் மூன்று கை இப்பாக்ஸியால் மூடுங்கள். அலுமினியத் தகடும் நல்லதுதான், ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட் உரசும் இடத்தில் உப்புநீர் பட்டால் வெள்ளை மாவாகப் பூக்கும். டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் போன்ற அரிப்புத் தடுப்புப் பசை பூசாமல் போடக் கூடாது.

கேள்வி: நான்கு கிளீட், எட்டு ஸ்டாஞ்சன். எவ்வளவு பொருள் வாங்க வேண்டும்? ஸ்டாஞ்சனுக்கு இவ்வளவு பெரிய பலகை தேவையா? – தஞ்சோங் தோக்கோங் வாசகர்

பதில்: தேவை. ஸ்டாஞ்சன் ஒரு நெம்புகோல். 600 மி.மீ. உயரத்தில் ஒருவர் தடுமாறி 50 கிலோ விசையோடு சாய்ந்தால், 80 மி.மீ. இடைவெளியில் உள்ள உள்பக்கப் போல்ட்டுகளை அது சுமார் 375 கிலோவாக மேலே இழுக்கும். ஒரு வெள்ளிக்காசு அளவு வாஷர் அதைத் தாங்குமா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கிளீட்டுக்கு 200க்கு 100 மி.மீ., ஸ்டாஞ்சனுக்கு 125க்கு 125 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 600க்கு 600 மி.மீ. ஜி10 பலகை ஒன்றில் பன்னிரண்டும் அடங்கும், ஓரத்தில் ஒரு பட்டையும் மிஞ்சும். எடை 4 கிலோ வரும். மூலைகளை உருட்டி, டெக்கைத் தொடும் விளிம்பைச் சரித்துவிடுங்கள். கூர்மையான விளிம்பில்தான் ஜெல்கோட் (டெக்கின் வெளிப்பூச்சு) விரிசல் தொடங்கும். இப்பாக்ஸி ஒன்றரைக் கிலோ, கொலாய்டல் சிலிக்கா ஒரு சிறு டப்பா, பியூட்டில் டேப் (ஒட்டும் நீர்த்தடுப்புப் பட்டை) இரண்டு சுருள்.

இப்பாக்ஸி வாங்கும்போது வேகமான ஹார்ட்னரைத் தொடாதீர்கள். வெப்பம் 10 பாகை கூடினால் கலவையின் ஆயுள் பாதியாகும். வெஸ்ட் சிஸ்டம் 206 ஹார்ட்னர் 22 பாகையில் 20 முதல் 25 நிமிடம் தாங்கும் என்று டப்பா சொல்லும். மூடிய கேபினில் 32 பாகையில் உங்களுக்கு 10 நிமிடம் கிடைத்தால் பெரிது. 209 ஹார்ட்னர் நம் ஊருக்குப் பொருந்தும். விகிதம் மாறும் என்பதை மறக்க வேண்டாம்: 206க்கு 5க்கு 1, 209க்கு 3க்கு 1. கலந்ததை உயரமான குவளையில் விடாமல் அகலத் தட்டில் ஊற்றினால் சூடேறுவது குறையும். இறுகிய மேல்பரப்பில் மெழுகு போன்ற பிசுபிசுப்பு இருந்தால், தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீரும் நார்ப்பட்டையும் கொண்டு கழுவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கை ஒட்டாது.

கேள்வி: அழுகிய கட்டையில் துளை போட்டு மரம் இறுக்கும் திரவத்தைச் செலுத்தினால் கழற்றாமலே சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: இல்லை. ஊறிய மரத்துக்குள் திரவம் போகாது, ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. போகும் இடத்திலும் பூஞ்சை தின்றது போக மிஞ்சிய நாரைத்தான் அது சுற்றி இறுக்கும். ஜன்னல் சட்டத்துக்குச் செய்யலாம். மலாக்கா நீரிணையில் விடிகாலைச் சுமாத்திரா காற்று (திடீர்ச் சூறைக்காற்று) அடிக்கும்போது படகு முழுவதும் தொங்குகிற கிளீட்டுக்குச் செய்யக் கூடாது.

கேள்வி: எங்கள் படகில் கேபின் கூரை முழுக்க ஃபைபர் உள்ளோடு (உள்புற உறை). நட்டுகள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. – பாயான் லெப்பாஸ் வாசகர்

பதில்: மேலே அளந்து கீழே குறியுங்கள், ஜன்னலையோ மாஸ்ட்டையோ (பாய்மரத் தூணையோ) பொதுப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, கைப்பேசியில் மாட்டும் குழல் கேமராவை விட்டுப் பார்த்தால் கட்டையின் நிலையும் கம்பிகள் போகும் வழியும் தெரிந்துவிடும். பிறகு ஹோல் சாவால் 100 அல்லது 125 மி.மீ. ஓட்டை திறந்து, வேலை முடிந்ததும் திருகு மூடி போட்டுவிடலாம். ஹோல் சாவின் நடு பிட்டைக் குட்டையாக வையுங்கள். உள்ளோட்டைத் தாண்டிப் போய் டெக்கையே துளைத்துவிட்டால் புதிதாக ஓர் ஒழுகல் சம்பாதித்தது போலாகும்.

கேள்வி: கழிவறை சீகாக்கின் (படகின் உடலில் உள்ள நீர்வழியை அடைக்கும் வால்வின்) அடியில் உள்ள கட்டையும் மெத்தென்று இருக்கிறது. தண்ணீரில் நிற்கும்போதே மாற்றலாமா? – பெயர் வேண்டாம்

பதில்: கூடாது. படகைக் கரையேற்றுங்கள். லுமுட்டுக்கு அருகே உள்ள பங்கோர் மெரினாவிலும் லங்காவி ரெபாக்கிலும் தூக்கி வைக்கும் வசதி உண்டு.

இங்கே பலகை 18 முதல் 20 மி.மீ. கனம் வேண்டும், சீகாக்கின் அடித்தட்டைவிடச் சுற்றிலும் 25 மி.மீ. பெரிதாக. 10 மி.மீ. ஜி10 இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். படகின் உடல் வளைவாக இருக்கும், அடித்தட்டு தட்டையாக இருக்கும். இடைவெளியைக் கெட்டி இப்பாக்ஸி நிரப்ப வேண்டும், போல்ட்டை இறுக்கி வளைத்து அல்ல. அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏபிஒய்சியின் எச்-27 தரப்படி, பொருத்திய சீகாக் 227 கிலோ பக்கவிசையை 30 வினாடி தாங்க வேண்டும். அதாவது ஒரு பெரிய ஆள் அதன்மேல் தவறி விழுந்தாலும் உடையக் கூடாது.

கட்டைக்கு மெனக்கெடும் பலர் வால்வில் கோட்டை விடுகிறார்கள். ஹார்ட்வேர் கடைப் பித்தளை பால் வால்வு உப்புநீரில் துத்தநாகத்தை இழந்து, இளஞ்சிவப்பாகி, ஒருநாள் கையோடு ஒடிந்து வரும். வெண்கலம் வாங்குங்கள். மரையையும் பாருங்கள்: நம் ஊர்க் குழாய்கள் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை), அமெரிக்கப் படகின் த்ரூ-ஹல் (உடலைத் துளைத்துச் செல்லும் குழாய்) என்பிஎஸ் (அமெரிக்க நேர் மரை). அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரைதான், கோணம் மட்டும் 55, 60 என்று வேறு. அதனால் இரண்டு சுற்று இனிமையாக ஏறி, சரியாக இருப்பதுபோல் நடிக்கும்.

கேள்வி: செயின்பிளேட் (மாஸ்ட்டைப் பிடிக்கும் கம்பிகளைப் படகோடு இணைக்கும் தகடு) பிடித்திருக்கும் பிளைவுட்டும் கறுத்துவிட்டது. இதே முறையா? – தெலுக் பஹாங் வாசகர்

பதில்: இல்லை. அது மாஸ்ட்டைத் தாங்கும் உறுப்பு. பாயை இறக்கி வையுங்கள், ரிக்கிங் (மாஸ்ட்டின் கம்பி, கயிறு வேலை) தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: சிலிக்கான், பாலியூரிதேன், பியூட்டில்: கிளீட்டுக்கு எது? மேலே மட்டும் பூசுவதா, கீழேயுமா? – ஜெலுத்தோங், தஞ்சோங் தோக்கோங் வாசகர்கள்

பதில்: பியூட்டில் டேப். கட்டடக் கடைச் சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது. 3எம் 5200 போன்ற பாலியூரிதேன் ஒட்டுவதற்கு அபாரம், அடுத்த முறை கழற்றும்போது ஜெல்கோட்டையும் சேர்த்துப் பெயர்க்கும். பியூட்டிலைக் கிளீட்டின் அடியிலும், போல்ட் தலைக்குக் கீழே சின்னக் கூம்பாகவும் சுற்றுங்கள். போல்ட்டைத் திருப்பாமல் நட்டை மட்டும் இறுக்குங்கள். இரண்டு மூன்று நாளில், வெயில் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக முறுக்கினால் மரை கடித்துப் பூட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு ஆன்டி-சீஸ் மசகு தடவிக்கொள்ளுங்கள்.

மேலே மட்டும்தான். கீழே நட்டைச் சுற்றிச் சீலன்ட் பூசினால் ஒழுகல் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அடியைத் திறந்தே விடுங்கள். முதல் பெருமழைக்குப் பிறகு ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூத் தாளால் தொட்டுப் பாருங்கள்.